அனுமதிக்கு முந்தைய ரசீதுகள்

செய்தி நேராக வரவில்லை. சம்பளப் பிரிவில் இருப்பவளின் நாத்தனார் அதே கம்பெனியின் வேறொரு கிளையில் வேலை பார்த்தாள். அந்தக் கிளையில் ஒருவர் கணக்காளர் தேர்வின் கடைசித் தாளையும் முடித்துவிட்டாராம். கம்பெனி அவர் கட்டிய ஃபீஸ் மொத்தத்தையும் திருப்பிக் கொடுத்ததோடு நில்லாமல், ரெண்டு மாதச் சம்பளத்தைக் கவரில் போட்டுக் கையிலேயே கொடுத்ததாம். நாத்தனார் கவரைப் பார்க்கவில்லை. கவரைப் பார்த்தவரைப் பார்த்திருக்கிறாள்.

"சத்தியமா அக்கா," என்றாள் சம்பளப் பிரிவுக்காரி. "மனுஷன் அன்னைக்கு மத்தியானமே மேசையக் காலி பண்ணிட்டு வீட்டுக்குக் கிளம்பிட்டாராம். யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலையாம். அவ்வளவு சந்தோஷம்."

கேட்டுக்கொண்டிருந்தவளை அந்த அலுவலகத்தில் எல்லோரும் ரிட்டர்ன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில்களையும் சக்கர நாற்காலிகளையும் விற்கிற, பழுதுபார்க்கிற கம்பெனி அது. மூன்றாவது மாடியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிய மேசையில், பதினான்கு வருடமாக அவள் ஒரே வேலையைச் செய்துவந்தாள். யார் எந்தச் செலவு செய்துவிட்டு ரசீது நீட்டினாலும் அது முதலில் அவளிடம் வரும். முன் அனுமதி எண் இருக்கிறதா என்று பார்ப்பாள். இல்லையென்றால் சிவப்பு முத்திரையை ஒரு குத்து குத்தித் திருப்பி அனுப்புவாள். பெயர் அப்படி வந்தது. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஒருமுறை லாரி டிரைவர் ஒருவர் கொட்டுகிற மழையில் கைக்காசு போட்டு டயருக்குப் பஞ்சர் ஒட்டிக் கட்டிலைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த ரசீதும் திரும்பி வந்தது. அவர் மாடியேறி வந்து, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்:

"அக்கா, டயரு பஞ்சராகுறதுக்கு முன்னாடியே உங்ககிட்ட வந்து கேக்கணுமா?"

அலுவலகமே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் ரசீது பாஸாகவில்லை.

வேலை தெரியும், கணக்காளர் தகுதிதான் இல்லை. சாதாரண பி.காம். தொழில்முறைத் தேர்வு முடித்த இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் வருவார்கள். ஆறு மாதம் அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். ஏழாவது மாதம் அவளுக்கு மேலதிகாரியாகிவிடுவார்கள். இப்படி மூன்று பேரைப் பார்த்தாயிற்று. நாலாவது ஆள் வருவதற்குள் நாமே எழுதிவிட்டால் என்ன என்கிற எண்ணம் நெடுநாளாக இருந்தது. ஃபீஸைக் கேட்டதும் அந்த எண்ணம் தானாக அடங்கிவிடும். நாலு தாளுக்கும் சேர்த்து அவளுடைய ஐந்து மாதச் சம்பளம். அப்படி அடங்கிக் கிடந்ததை நாத்தனார் சொன்ன செய்தி தட்டி எழுப்பிவிட்டது.

நிதி மேலாளரைத் தண்ணீர் மெஷின் பக்கத்தில் பிடித்தாள். எதைக் கேட்டாலும் 'பார்க்கலாம்' என்பதால் அவருக்குப் பார்க்கலாம் சார் என்று பெயர். அன்று அவர் அதைவிட ஒரு படி மேலே போனார். "படிங்க மேடம், நல்ல விஷயம்தானே. கம்பெனி பார்த்துக்கும்," என்று சொல்லிவிட்டுத் தம்ளரை நிரப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. வேறு யாராவது வந்து 'சார் வாயால சொன்னாரு' என்றிருந்தால் அவளே கேட்டிருப்பாள், வாய் எந்த ஃபைலில் இருக்கிறது என்று.

பணத்துக்குத் தம்பியிடம்தான் போனாள். மூன்று மணிநேர பஸ் தூரத்தில் ஒரு கிடங்கில் அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். வலது கண்ணில் அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது, ஒரு வருடத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காக மாதாமாதம் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு தொகை வைத்திருந்தான். அவள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது அவன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"எடுத்துக்கோக்கா. ஒரு வருஷம் தாங்கும்னு டாக்டரே சொல்லிட்டாரு. நீ அதுக்குள்ள பாஸ் பண்ணிட மாட்டியா?"

"பண்ணலன்னா?"

"அப்ப ஒத்தக் கண்ணால உன்னை முறைக்கிறேன்."

அவள் படித்தாள். விடிவதற்கு முன்னால் எழுந்து சமையலறைத் தரையிலும், மதியம் பழைய ஃபைல்கள் அடுக்கிய அறையில் ஒரு பழுதான சக்கர நாற்காலியிலும் உட்கார்ந்து படித்தாள். கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். "வீட்ல ஒரு பிள்ளையும் பரீட்சை எழுதல, இருந்தாலும் டிவியப் போட விட மாட்டேங்கிறாங்க," என்று பக்கத்து வீட்டாரிடம் புலம்புவார். புலம்பிக்கொண்டே பாத்திரத்தையும் கழுவி வைத்துவிடுவார். முதல் இரண்டு தாளிலும் தேறிவிட்டாள். மூன்றாவதைக் கோட்டைவிட்டாள். மறுபடி ஃபீஸ் கட்டி மறுபடி எழுதினாள். ஒரு வருடம் என்றது பதினான்கு மாதமாயிற்று. அதற்குள் தம்பி இரண்டு முறை கிடங்கு அலமாரியின் ஓரத்தில் வண்டியை உரசியிருந்தான். வலது பக்கம் வருவது தெரியவில்லை என்று மேற்பார்வையாளரிடம் சொல்ல முடியாதே, தூக்கம் வந்துவிட்டது என்று சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டான்.

கடைசி முடிவு வந்த அன்று ஐந்து ரசீதுகளையும் தேதிவாரியாக அடுக்கி கிளிப் போட்டு, கிளைம் படிவத்தை எழுத உட்கார்ந்தாள். பெயர், பணி எண், தொகை. அடுத்த கட்டம்: முன் அனுமதி எண். பேனா அங்கே நின்றது. எத்தனையோ பேருடைய காலிக் கட்டத்தைப் பார்த்தவள், இப்போது தன்னுடையதைப் பார்த்தாள். அதைக் காலியாகவே விட்டுவிட்டு மேலாளரைப் பார்க்கப் போனாள்.

மேலாளரின் அறை கண்ணாடி அறை. மூலையில் மாதிரிக்காக வைத்த புதுச் சக்கர நாற்காலி, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், மடியில் ஃபைல்களைச் சுமந்துகொண்டு நிற்கும்.

"வாழ்த்துகள் மேடம். கலக்கிட்டீங்க." படிவத்தைப் புரட்டினார். "முன் அனுமதி எங்க?"

"நீங்கதான் சார் சொன்னீங்க. தண்ணி மெஷின்கிட்ட."

"தண்ணி மெஷின்கிட்ட நான் நூறு சொல்வேன் மேடம். உங்களுக்குத் தெரியாததா?"

அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். ஒரு தாளை எடுத்து வைத்தாள். வருட முடிவுக் கணக்கை முடிக்க வெளியிலிருந்து ஆள் கூப்பிட்டு இத்தனை காலம் எவ்வளவு கொடுத்தார்கள், இந்த வருடம் அந்த வேலையை அவளே செய்ததில் எவ்வளவு மிச்சம், எல்லாம் இரண்டு பத்தியில் இருந்தன. ஃபீஸ் முழுவதும் வேண்டும், அந்த இன்னொரு கிளையில் கொடுத்ததுபோல ரெண்டு மாத போனஸும் வேண்டும் என்றாள். குரல் நடுங்காமல் சொல்லிவிட்டாள். கண்ணாடியின் முன்னால் ஒரு வாரம் பழகிய வாக்கியம்.

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்தக் கிளை? யாரு, அந்த ஆளா? அது போனஸ் இல்ல மேடம். ஆள் குறைச்சாங்க. நோட்டீஸ் கொடுக்காம அன்னைக்கே அனுப்பினதுக்கு ரெண்டு மாசச் சம்பளம். பாவம், பரீட்சை ரிசல்ட் வந்த வாரம். ஃபீஸும் கொடுக்கல."

 மதியமே மேசையைக் காலி செய்துகொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் போன மனிதர் அவள் கண்முன் வந்தார்.

"சரி சார். போனஸ் வேண்டாம்," என்றாள். "ஃபீஸ் மட்டும்."

"ஃபீஸ் தரலாம். பன்னண்டு தவணை, மாசச் சம்பளத்தோட. மூணு வருஷம் வேலைய விட மாட்டேன்னு பாண்டு எழுதிக் கொடுக்கணும்."

"பாண்டு அஞ்சு வருஷம்கூட எழுதறேன் சார். நடுவுல போனா மீதி காலத்துக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பிடிச்சுக்கோங்க. ஆனா தவணை வேண்டாம். மொத்தமா இந்த மாசமே வேணும்."

"அப்படி என்ன அவசரம்?"

சொல்லக்கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். வீட்டுக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு பணம் கேட்டவர்களை அவள் இத்தனை வருடம் எப்படிப் பார்த்தாள் என்பது அவளுக்கே தெரியும். "தம்பிக்குக் கண் ஆபரேஷன் சார். அவன் காசுலதான் படிச்சேன். பதினெட்டாம் தேதிக்குள்ள ஆஸ்பத்திரியில கட்டணும். அதுக்கு மேல தள்ளினா அந்த டாக்டர் மூணு மாசம் இருக்க மாட்டாராம்."

மேலாளர் கதவைப் பார்த்தார். "மொத்தமா தரணும்னா விதிப்படிதான் போகணும். விதிப்படின்னா முதல் ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி அனுமதி வாங்கியிருக்கணும். ஒரு ஃபாரம் எழுதிக் கொடுங்க. நான் சைன் போடறேன். தேதி..." பேனாவைக் காற்றில் ஒரு சுழற்று சுழற்றினார். "தேதிய உங்க வசதிக்குப் போட்டுக்கோங்க."

நாலு தாளில் அவளுக்கு அதிக மதிப்பெண் வந்தது தொழில் நெறித் தாளில். எண்பத்தொன்று.

மேசைக்கு வந்து முன் அனுமதிப் படிவப் புத்தகத்தை எடுத்தாள். இந்த வருடத் தொடக்கத்தில் அச்சடித்த புத்தகம், ஒவ்வொரு தாளிலும் வரிசை எண். ஆளாளுக்குப் பழைய தேதி போட்டு எழுதுகிறார்கள் என்று சண்டை போட்டு எண் அச்சடிக்க வைத்தவளே அவள்தான். இப்போது கிழித்த தாளில் நானூற்றுப் பன்னிரண்டு என்றிருந்தது. பார்த்தாள். பார்க்கவில்லை என்று பின்னால் அவளாலேயே சொல்ல முடியாத அளவுக்கு நன்றாகப் பார்த்தாள். எண்ணையும் தேதியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இந்த அலுவலகத்தில் ஒரே ஒருத்தி. யார் பார்க்கப் போகிறார்கள்? பார்க்கிறவள் நான்தானே.

போன வருடத் தேதியைப் போட்டாள். போன வருடம் கறுப்பு மையில் எழுதிக்கொண்டிருந்தது நினைவுக்கு வர, நீலப் பேனாவை வைத்துவிட்டுக் கறுப்பைத் தேடி எடுத்தாள்.  மேலாளர் கையெழுத்துப் போட்டார். கீழே தேதி போடவில்லை. கவனித்தாள். படிவத்தை ரசீதுகளோடு சேர்த்துக் கிளிப் போட்டாள்.

தம்பிக்குப் போன் செய்தாள். "ரெண்டு வாரத்துல வந்துடும்டா. நீ ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிடு."

"அப்ப மேடம் நிஜமாவே பெரிய ஆளாயிட்டீங்க. நான் இனிமே அக்கான்னு கூப்பிடலாமா, இல்ல அதுக்கும் அனுமதி வாங்கணுமா?"

"போடா."

"லீவுக்குச் சம்பளம் கிடையாதாம். பரவால்ல. கண்ணு பிழைச்சா ஓவர்டைம் பார்த்துக்கலாம்."

பதினான்கு வருடத்தில் அவள் ஒரு பஸ் டிக்கெட்டுக்குக்கூடத் தன் பெயரில் கிளைம் எழுதியதில்லை. அதனால் ஒரு விஷயம் அவள் புத்தியில் எட்டவே இல்லை. சரிபார்க்கிறவளே பணம் கேட்டால் அந்தக் கிளைம் அவள் மேசைக்கு வராது. கம்ப்யூட்டரே அதைத் தலைமை அலுவலகத்துக்குத் தள்ளிவிடும். அங்கே முகம் தெரியாத ஒருவர் சரிபார்ப்புப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்ப்பார். எல்லாக் கிளைகளுக்கும் போன அந்தப் பட்டியலை எழுதியது அவள்.

பதினாறாம் தேதி காலையில் மெயில் வந்தது. 'படிவம் எண் 412 இவ்வாண்டு அச்சிடப்பட்டது. அனுமதித் தேதி சென்ற ஆண்டு. சரிபார்ப்புப் பட்டியல், வரி ஏழு. இரண்டு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தேவை. அதுவரை தொகை நிறுத்தப்படுகிறது.' நல்ல மெயில். ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இல்லை. அவள் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பாள்.

மேலாளர் திரையைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"நான் சைன் போட்டப்ப தேதி எழுதியிருந்துச்சா? எனக்கு ஞாபகம் இல்லையே."

"சார், நீங்கதானே..."

"மெதுவா மேடம். கதவு திறந்திருக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டார், அன்பாகவே பேசினார். "தவறுதலா வருஷம் மாறிப்போச்சுன்னு எழுதுங்க. கிளைமை வாபஸ் வாங்கிக்கோங்க. முடிஞ்சுது. இது உங்க கணக்காளர் சங்கத்துக்குப் போச்சுன்னா மெம்பர்ஷிப்பே கிடைக்காது. அதுக்கு நன்னடத்தைச் சான்று நான்தானே தரணும்? தர்றேன்."

"பணம் சார்?"

"பணத்த அப்புறம் பார்க்கலாம்."

அன்றே தம்பியிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை. முதலில் எங்காவது புரட்டிவிட்டுச் சொல்லலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கணவர் வேன் முதலாளியிடம் நின்றார். கால்வாசி கிடைத்தது. சம்பளப் பிரிவுக்காரி தன் பீரோவில் இருந்ததைக் கொண்டுவந்து உறையோடு திணித்தாள். "நான்தான்க்கா அந்தக் கவர் கதையச் சொல்லி உங்க தலையெழுத்தைக் கெடுத்தேன்," என்று மூக்கை உறிஞ்சினாள். எல்லாம் சேர்ந்தும் பாதியைத் தொடவில்லை. சம்பள முன்பணத்துக்கு மேலாளரின் கையெழுத்து வேண்டும். விசாரணை நடக்கும்போது எப்படிக் கொடுப்பது என்று அவர் மிகவும் வருத்தப்பட்டார்.

பதினேழாம் தேதி தம்பி கேட்டான்: "வந்துடுச்சாக்கா?" "வந்துடும்," என்றாள். பதினெட்டாம் தேதி காலையில் செய்தி அனுப்பினான், பஸ் ஏறிவிட்டேன் என்று. அவள் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினாள். அனுப்பிவிட்டு அந்தக் கட்டைவிரலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் பணம் கட்டும் கவுண்டர் ஐந்து மணிக்கு மூடும். விளக்கக் கடிதத்துக்குக் கெடுவும் அன்று மாலை ஐந்துதான்.

மூன்று மணிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். 'தேதியை நானே மாற்றி எழுதினேன்' என்று ஆரம்பித்தாள். அடுத்த வாக்கியத்தில் மேலாளர் வர வேண்டும். பேனாவைக் காற்றில் சுழற்றியதற்கு என்ன சாட்சி? அழித்தாள். மறுபடி எழுதினாள், மறுபடி அழித்தாள். மேலாளர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இரண்டு முறை நிமிர்ந்து பார்த்தார்.

"தவறுதலான்னு எழுதிடுங்கக்கா," என்று கிசுகிசுத்தாள் சம்பளப் பிரிவுக்காரி. "எல்லாரும் எழுதறதுதானே. உங்களுக்கு எத்தனை வந்திருக்கு?"

எத்தனையோ வந்திருக்கிறது. தவறுதலாக, கவனக்குறைவால், மறதியின் காரணமாக. அவற்றில் ஒன்றையாவது அவள் நம்பியதில்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு அடுக்கில் வைப்பாள்.

நாலேகாலுக்கு எழுதி முடித்தாள். 'படிவத்தில் ஆண்டு தவறுதலாக மாற்றிக் குறிக்கப்பட்டுவிட்டது. வருந்துகிறேன். கிளைமைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.' மூன்று வரி. அனுப்புவதற்கு முன் ஒருமுறை வாசித்தாள். எழுத்துப்பிழை இல்லை. மேலாளருக்கும் ஒரு நகல் போகும்படி அனுப்பினாள். கண்ணாடி அறையில் மேலாளரின் கம்ப்யூட்டர் சின்னதாக ஒரு மணியடித்தது. அவர் வாசித்துவிட்டு அவள் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார், 'நல்லது' என்பதுபோல.

அலைபேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். கீழே பட்டறையில் யாரோ கட்டில் கால்களைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்வது என்று வரிசைப்படுத்திப் பார்த்தாள். முதலில் 'டோக்கன் வாங்கிட்டியா' என்று கேட்கலாமா? வேண்டாம், அது மறுபடியும் பொய்யில் கொண்டுபோய் விடும். 'பணம் வரலடா' என்று ஆரம்பித்துவிட வேண்டும். பாதிக்குக் கிட்டே இருக்கிறது, அதற்கு ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் திரும்பி வரும்போது பஸ்ஸில் இடது பக்க ஜன்னலில் உட்கார்ந்துகொள் என்று சொல்வதா? 

அழைத்தாள். மணி முழுவதும் போய் அறுந்தது.

மறுபடி அழைத்தாள். அங்கே கூட்டமாக இருக்கும். சத்தத்தை அணைத்து வைக்கச் சொல்லிப் பலகை மாட்டியிருப்பார்கள். பேன்ட்டின் வலது பையில் போட்டிருப்பான். பையில் வெளிச்சம் எரிந்தாலும் அவன் வலது பக்கத்துக்குத் தெரியாது. ஒருவேளை கவுண்டர் முன்னாலேயே நின்று, அக்கா அனுப்பியிருப்பாள், ஒரு நிமிஷம் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பான்.

நாலு நாற்பது.

மூன்றாவது முறையும் எடுக்கவில்லை. அவள் படியில் உட்கார்ந்து, அலைபேசியை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டு, நாலாவது முறையாக அழைத்தாள். மணி போய்க்கொண்டிருந்தது.